காட்டேரியின் மகன்: சில ஜப்பானிய சித்திரப் படங்கள் குறித்து

1

சித்திரப் படங்களைப் பற்றி, அதிலும் ரத்தமும் கோரைப்பல்லும் நிறைந்த ஜப்பானிய சித்திரப் படங்களைப் பற்றி, இந்தப் பக்கங்களில் எழுதுவது சில நண்பர்களுக்கு உவப்பாக இராது என்பது எனக்குத் தெரியும். "ஓஸூ இருக்க, மிஸோகுச்சி இருக்க, உமக்குப் பொம்மைப் படம்தான் கிடைத்ததா?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானதுதான். இந்தப் படங்களில் பெரும்பாலானவை குப்பை என்பதில் எனக்கும் அவருக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால் ஒரு வகையை முழுதாகக் குப்பை என்று ஒதுக்கிவிடுவதை விமர்சனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது சோம்பலுக்கு நாம் சூட்டிக்கொள்ளும் கௌரவமான பெயர். ஒரு வகையினுள்ளேயே எது பொய், எது பொய்யில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாதவன், பெரிய கலைஞன் முன் நிற்கும்போதும் அந்தக் காரியத்தைச் செய்யமாட்டான். பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுக் கும்பிடுவான்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் குறுகியது. காட்டேரிக்கும் மனுஷிக்கும் பிறந்து, காட்டேரிகளைக் கொல்வதையே பிழைப்பாகக் கொண்ட பாதி மனிதன். தோயோ அஷிதாவின் 'வாம்பயர் ஹன்ட்டர் டி' (1985), தோஷிகி ஹிரானோவின் 'வாம்பயர் பிரின்ஸஸ் மியு' (1988-89), யோஷியாகி கவாஜிரியின் 'வாம்பயர் ஹன்ட்டர் டி: ப்ளட்லஸ்ட்' (2000), ஹிரோயுகி கிதாகுபோவின் 'ப்ளட்: தி லாஸ்ட் வாம்பயர்' (2000) என்ற நான்கை மட்டும் பார்க்கிறேன். இவற்றிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. பாதி மனிதனாக இருப்பது இங்கே ஒரு நிலைமையாக அனுபவிக்கப்படுகிறதா, அல்லது கதாநாயகனுக்குக் கொடுக்கப்பட்ட உபரி பலமாக மட்டும் இருக்கிறதா? எது கலை, எது சரக்கு என்ற பிரிவு இந்த இடத்தில்தான் விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

2

முதலில் சொல். வாம்பயரை நாம் ரத்தக்காட்டேரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். நம் காட்டேரி ஊர் எல்லையில் நிற்பவள். அவளுக்குப் படையல் உண்டு, பூசாரி உண்டு. கோட்டையும் பட்டமும் வம்சப் பெருமையும் கிடையாது. ஐரோப்பிய இலக்கியத்தின் வாம்பயரோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பிரபு. வேறு நல்ல சொல் கைவசம் இல்லாததால் காட்டேரி என்பதையே நானும் வைத்துக்கொள்கிறேன். ஜப்பானியர்களும் இதே சங்கடத்தில்தான் இருந்தார்கள். அவர்களுடைய 'க்யூகெட்ஸுகி' என்ற சொல்லுக்கு ரத்தம் உறிஞ்சும் பேய் என்பதற்கு மேல் பொருள் இல்லை. வெளியிலிருந்து வந்த சரக்குக்கு ஒட்டுப் போட்டுச் செய்த பெயர் அது. ஸெய்ஷி யோகோமிஸோ 1939ல் டிராகுலா கதையை எடோ காலத்துக்குக் கொண்டுபோய் எழுதினார். மிச்சியோ யாமமோட்டோ 1970க்கும் 1974க்கும் இடையில் தோஹோ கம்பெனிக்காக மூன்று காட்டேரிப் படங்கள் எடுத்தார். கடைசி இரண்டிலும் காட்டேரியின் வேர் அந்நிய தேசத்தில் இருக்கிறது. ஜப்பானிய மனத்துக்குக் காட்டேரி முதலில் அந்நியன், அப்புறம்தான் பேய். ஆகவே காட்டேரியின் மகன் என்றால் பாதி அந்நியன் என்ற பொருளும் சொல்லாமலே வந்து ஒட்டிக்கொள்கிறது.

இந்த மகனுக்கும் ஐரோப்பாவில் ஒரு பூர்வீகம் உண்டு. பால்கன் பிரதேசத்தில், முக்கியமாக ரோமா மக்களிடையே, 'டாம்ப்பீர்' என்று ஒரு நம்பிக்கை. செத்த புருஷன் கல்லறையிலிருந்து எழுந்து வந்து தன் விதவையோடு கூடிப் பிறக்கும் பிள்ளை. மற்றவர் கண்ணில் படாத காட்டேரி அவன் கண்ணில் படும். ஊரில் தொல்லை என்றால் அவனுக்கு ஆள் அனுப்புவார்கள். அவன் வருவான், சடங்கைச் செய்வான், கூலியை வாங்கிக்கொண்டு போவான். கூலி என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஊருக்கு அவன் தேவை, ஆனால் உறவு வேண்டாம். எந்த உறவுமில்லாத ஒருவனோடு கணக்குத் தீர்த்துக்கொள்ளச் சமூகம் கண்டுபிடித்த வழி கூலி. வாங்கிக்கொண்டால் கிளம்ப வேண்டும்.

ஜப்பானிய மரபிலும் பாதி மனிதர்கள் உண்டு, ஆனால் வேறு சாயலில். குஸுனோஹா என்ற பெண் நரி மனுஷியாக உருமாறி ஒருவனுக்கு மனைவியாகிறாள். பிள்ளை பெறுகிறாள். குட்டு வெளிப்பட்டதும் பிள்ளையை விட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். 1734ல் பொம்மலாட்ட நாடகமாக மேடையேறிய கதை இது. அந்தப் பிள்ளைதான் சோதிடத்திலும் மந்திரத்திலும் பேர் பெற்று அரசவையில் இடம்பெற்ற அபே நோ ஸெய்மெய் என்பது ஐதீகம். இங்கே மனிதரல்லாதது தாய். அவள் விட்டுச் சென்றது மகனுக்கு ஞானமாகிறது, சமூகம் அவனை உள்ளே எடுத்துக்கொள்கிறது. துயரம் தாயோடு காட்டுக்குப் போய்விடுகிறது.

நம் படங்களின் பாதி மனிதன் இந்த இரண்டு வழக்குகளுக்கும் நடுவில் நிற்கிறான். மூன்றாவதாக ஒரு வழக்கும் இன்று உண்டு, அது அமெரிக்க வழக்கு. 1973ல் காமிக்ஸ் பத்திரிகையில் தோன்றி 1998ல் சினிமாவுக்கு வந்த 'ப்ளேட்' அதற்கு உதாரணம். காட்டேரியின் பலம் அவனுக்கு உண்டு, வெயிலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பாதி இங்கே லாபக் கணக்கு. இரண்டு பக்கத்திலிருந்தும் நல்லதை எடுத்துக்கொண்டவனிடம் நமக்குப் பார்க்க என்ன இருக்கிறது? கைதட்டலாம்.

3

'வாம்பயர் ஹன்ட்டர் டி' ஹிதேயுகி கிகுச்சி 1983ல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. நாவல்களின் காலம் 12,090ஆம் ஆண்டு. மனித நாகரிகம் அழிந்து, காட்டேரிகள் பிரபுக்களாகப் பல்லாயிரம் வருஷம் ஆண்டு, இப்போது அவர்களும் அழிந்துகொண்டிருக்கிறார்கள். குதிரை, கோட்டை, லேசர் துப்பாக்கி எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. டாரிஸ் என்ற பெண்ணை மாக்னஸ் லீ என்ற பிரபு கடித்துவிடுகிறான். அவள் வழியில் வந்த டி என்ற வேட்டைக்காரனை அமர்த்துகிறாள். தரப் பணமில்லை; மூன்று வேளைச் சோறும், வேண்டுமானால் தன்னையும் தருவதாகச் சொல்கிறாள். கடிபட்டவள் என்று தெரிந்ததும் ஊர் அவளை ஒதுக்குகிறது.

படம் மோசமாக எடுக்கப்பட்டது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். தியேட்டருக்கும் டெலிவிஷனுக்கும் போகாமல் நேரே வீடியோ நாடாவில் விற்கும் முறையை ஜப்பானில் 1983ல் 'டல்லோஸ்' தொடங்கிவைத்தது. டெலிவிஷன் விளம்பரதாரருக்குப் பயப்பட வேண்டாம் என்ற சுதந்திரத்தை இந்தப் படம் பெரும்பாலும் ரத்தம் பீய்ச்சுவதற்கும் பெண்ணின் உடையைக் களைவதற்கும் செலவழித்தது. நாவலுக்கு யோஷிதாகா அமானோ வரைந்த சித்திரங்களில் கோடு மூச்சுப்போல இழையும். படத்தில் அந்தக் கோடு தடித்து, மரத்துப்போய், வேறெதுவோ ஆகிவிடுகிறது.

ஆனாலும் ஒன்று நிகழ்கிறது. சினிமாவில் விநாடிக்கு 24 சட்டங்கள். ஒரே சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு எட்டுச் சித்திரம் போதும். 1963ல் டெஸுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை டெலிவிஷனுக்குச் செய்தபோது ஜப்பானில் வேர்பிடித்த சிக்கனம் இது. மனிதர்களை இப்படி வரைந்தால் விறைப்பாகத் தெரியும். டி-யை வரைந்தால் பொருந்திவிடுகிறது. மேலங்கி அசைகிறது, முடி அசைகிறது, முகம் அசைவதில்லை. பாதி செத்தவனைக் காட்ட அசையாத முகத்தைவிட வேறென்ன வேண்டும்? பணமில்லாமையால் வந்த அசைவின்மை ஒரு அர்த்தத்தைச் சம்பாதித்துக்கொள்கிறது. இது அஷிதாவின் சாதனையா, தற்செயலா என்ற விசாரணையில் எனக்கு அக்கறை இல்லை. திரையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

டி-யின் இடது உள்ளங்கையில் ஒரு முகம் இருக்கிறது. அது பேசும், நக்கல் செய்யும், எஜமானனின் ஆசைகளைக் குத்திக்காட்டும். அவன் கிட்டத்தட்ட செத்துக் கிடக்கும்போது அவனை எழுப்புவதும் அதுதான். டி பேச வேண்டிய பேச்செல்லாம் அந்தக் கைக்குப் போய்விட்டது. இதை வேடிக்கைக்காகச் சேர்த்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், சொந்த வாயால் பேச முடியாதவனின் பேச்சு எங்கேயோ வேறிடத்தில், வேறு குரலில் வந்துதான் தீரும் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான படிமம் எனக்குத் தோன்றவில்லை. டாரிஸ் அவனை அணைக்கும்போது கோரைப்பல் நீள்கிறது. அவளைத் தள்ளி விலக்குகிறான். ஆசையும் பசியும் அவனுக்கு ஒரே இடத்தில் எழுகின்றன. இந்த ஒரு நிமிஷத்தில் பாதி என்பது பலமாக இல்லை.

படத்தின் உண்மையான மையம் டி-யும் இல்லை, டாரிஸும் இல்லை. பிரபுவின் மகள் லமிகா. மனுஷியை மணக்கப்போகும் தகப்பனை அவளால் பொறுக்க முடியவில்லை. சுத்த ரத்தம், வம்சம் என்ற வார்த்தைகள் அவள் வாயிலிருந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. டி-யை அவள் அருவருப்பதும் அந்த ரத்தத்தின் பெயரால்தான். கடைசியில் தகப்பன் சொல்லிவிடுகிறான்: உன் தாய் மனுஷி. அவளும் பாதிதான். டி அவளை மனுஷியாக வாழச் சொல்கிறான். அவள் மறுத்து, இடியும் கோட்டையோடு பிரபு வம்சத்தவளாகவே சாகிறாள்.

சுத்த ரத்தம் என்று அதிகம் கத்துகிறவன் எதைப் பார்த்துப் பயந்து கத்துகிறான் என்று இங்கே தெரிகிறது. எந்த மண்ணில் இந்த வார்த்தை உச்சரிக்கப்பட்டாலும் இதுவே கதை. வாசகருக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமானது அவள் தேர்வு. உண்மை தெரிந்த பிறகும் அவள் பொய்யின் பக்கமே நின்று சாகிறாள். அவளுக்கு அது பொய் அல்லாமலாகி நெடுநாளாகிவிட்டது. உண்மை தெரிந்தால் மனிதன் விடுதலை அடைவான் என்ற மலிவான நம்பிக்கைக்கு இந்த மலிவான படம் இடம் கொடுக்கவில்லை. நம்முடைய கனமான நாவல்கள் பலவற்றில் எனக்குக் கிடைக்காத ஒன்று இது.

இவ்வளவும் செய்துவிட்டுப் படம் தன்னையே காட்டிக்கொடுக்கிறது. டி சாதாரண டாம்ப்பீர் இல்லையாம், காட்டேரிகளுக்கெல்லாம் ஆதிமூலமான மகாபிரபுவின் பிள்ளையாம். பிறப்பைச் சொல்லி இழிக்கப்பட்டவனை மேலான பிறப்பைக் காட்டி மீட்பது பழைய வித்தை. கர்ணன் தேரோட்டி வளர்த்தவன் என்பது மட்டும் தெரிந்திருக்கும்வரை அந்தச் சபை நம்மை உறுத்துகிறது. சூரியன் மகன் என்று நினைவுக்கு வந்ததும் நாம் ஆசுவாசமடைந்துவிடுகிறோம். தவறு சபையின் விதியில் இல்லை, அவர்களுக்கு விவரம் தெரியாததில்தான் என்று ஆகிவிடுகிறது. டி-யிடமும் அதே மோசடி. லமிகாவைக் கொன்ற அதே வம்சப் பெருமையை அவன் தலையில் கிரீடமாக வைத்து அனுப்புகிறார்கள்.

4

'வாம்பயர் பிரின்ஸஸ் மியு' நான்கு பாகங்களில் வந்த படம். மியுவின் தாய் காட்டேரிக் குலம், தகப்பன் மனிதன். உலகில் அலையும் பிசாசுகளை இருட்டுக்குத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. பார்வைக்குச் சிறுமி, வயது நின்றுவிட்டது. கியோட்டோவில் தொடங்கி காமகுராவில் முடியும் இந்தப் படத்தில் நான் முன்பு சொன்ன நரித்தாயின் சாயல் உண்டு. பாதி என்பது தாய்வழிச் சொத்து. கூலி கிடையாது, கடமை உண்டு. யார் சொன்னாலும் விட முடியாத கடமை.

மியு ரத்தம் குடிப்பதும் வேறு மாதிரி. தாளமுடியாத துயரத்தில் இருப்பவர்களிடம் போகிறாள், கேட்கிறாள். அவர்கள் சம்மதிக்கிறார்கள். பதிலுக்கு முடிவில்லாத ஒரு இனிய கனவு கொடுக்கிறாள். இதைப் பார்க்கும்போது வருகிற திகில் கோரைப்பல்லைப் பார்த்து வருவது இல்லை. சம்மதத்தைப் பார்த்து வருகிறது. ஆனால் ஹிரானோ இந்த இடத்தில் தங்கவில்லை. மணியோசை, உதிரும் இலை, கிமோனோ, நிலா என்று சோகத்தை அலங்கரிக்கப் போய்விடுகிறார். கடமை என்று ஒன்றைக் கொடுத்ததும் பாதி மனுஷியின் பிரச்னை தீர்ந்துவிட்டது என்று படம் நம்பிவிடுகிறது. அரசவைக்குள் எடுத்துக்கொள்ளப்பட்ட ஸெய்மெய் போல, மியுவும் ஒரு பட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படுகிறாள். 'பிரின்ஸஸ்' என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறது.

5

பதினைந்து வருஷம் கழித்து டி மறுபடி வந்தான், இம்முறை கவாஜிரியின் கையில். அமானோவின் கோட்டைத் திரைக்குக் கொண்டுவர முடியும் என்று 'ப்ளட்லஸ்ட்' நிரூபித்துவிட்டது. ஒவ்வொரு சட்டமும் ஓவியம். வெளிநாட்டுச் சந்தையை உத்தேசித்து முதலில் ஆங்கில வசனத்தோடு தயாராகி, பிறகுதான் ஜப்பானியக் குரலில் பேசிய படம் இது என்பது ஒரு விசித்திரம். பாதி அந்நியனைப் பற்றிய படமே பாதி அந்நியமாகப் பிறந்திருக்கிறது.

ஷார்லட் என்ற பெண்ணை மையர் லிங்க் என்ற காட்டேரிப் பிரபு கொண்டுபோய்விட்டான். அவள் குடும்பம் டி-யை அமர்த்துகிறது, உயிரோடு கொண்டு வா, காட்டேரியாகிவிட்டிருந்தால் கொன்றுவிடு என்று. துரத்தலின் நடுவில் தெரியவருகிறது, அவள் விரும்பித்தான் போயிருக்கிறாள் என்று. டி எதைத் துரத்துகிறான் என்பதை இங்கே யோசிக்க வேண்டும். ஒரு காட்டேரியும் ஒரு மனுஷியும், ஒருவரையொருவர் விரும்பி, ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் அது டி. கூலிக்காக அவன் துரத்துவது தன் தாய் தகப்பனின் பிம்பத்தை. இதைப் படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த மௌனத்துக்காக மட்டுமே கவாஜிரியை நான் கலைஞன் என்பேன். முடிவில் ஷார்லட் செத்துவிடுகிறாள். மையர் அவள் உடலோடு கப்பலேறி வானத்துக்குப் போக, டி தடுக்கவில்லை. குடும்பத்துக்குச் சாட்சியாக அவள் மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறான். அந்த நேரத்திலும் அவன் கூலிக்காரன்தான், கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு சிறிய காட்சிகள். ஓர் ஊரில் டி குதிரை வாங்க வருகிறான். டாம்ப்பீர் என்று தெரிந்து ஊர்க்காவலன் துப்பாக்கியோடு மிரட்டுகிறான். குதிரை விற்கும் கிழவர் குறுக்கே வந்து, தான் சிறுபிள்ளையாக இருந்தபோது காட்டேரிகளிடமிருந்து தன்னை மீட்டுக்கொண்டு வந்தவன் இப்படி ஒருவன்தான் என்று நினைவுபடுத்துகிறார். கிழவருக்கு முடி நரைத்துவிட்டது, டி-க்கு நரைக்கவில்லை. நன்றியும் வெட்கமும் ஒரு ஆயுள் முழுதும் காத்திருந்து, திருப்பிச் செலுத்தும்போது ஒரு குதிரையாகத்தான் செலுத்த முடிகிறது. மற்றொன்று கடைசிக் காட்சி. லைலா என்ற வேட்டைக்காரி ஒருமுறை டி-யோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறாள், யார் முதலில் செத்தாலும் மற்றவர் கல்லறைக்குப் பூக் கொண்டுவர வேண்டும் என்று. தனக்கென்று அழ ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்ற பயம் அவளுக்கு. பல வருஷம் கழித்து அவள் சவ அடக்கத்துக்கு டி வருகிறான், தூரத்தில் நிற்கிறான். அங்கே கூட்டம் இருக்கிறது. பேத்தி அவனிடம் வந்து பேசுகிறாள். அழ யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் வந்தேன், நான் நினைத்தது தவறாகிப்போனதில் சந்தோஷம் என்ற பொருளில் அவன் சொல்கிறான். பேத்தி அழைத்தும் தங்காமல் போய்விடுகிறான். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவனுக்குக் கூலி கிடையாது.

ஆனால் இந்த இரண்டு காட்சிகளும் ஒரு மகத்தான அலங்காரத்துக்குள் புதைந்து கிடக்கின்றன. கோபுரம், சிலை, நட்சத்திரம், ரத்தச் சிவப்பு, தங்கம் என்று கவாஜிரி குவித்துக்கொண்டே போகிறார். அஷிதாவுக்குப் பணமில்லாததால் வந்த அசைவின்மை கவாஜிரியிடம் இல்லை. இவருடைய டி அழகாக நகர்கிறான், ரொம்ப அழகாக. பார்க்கிறவன் அந்த அழகில் கரைந்து, வலியையும் ஒரு அழகாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட முடியும். கவிதையில் இந்த வியாதியை நாம் நன்றாகவே அறிவோம்.

6

கிதாகுபோவின் 'ப்ளட்: தி லாஸ்ட் வாம்பயர்' ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படம். நான்கில் எனக்கு முக்கியமானது இதுதான்.

1966 இலையுதிர் காலம். டோக்கியோவுக்கு அருகே யோகோட்டா, அமெரிக்க விமானப்படைத் தளம். தளத்துப் பள்ளிக்கூடத்தில் ஹாலோவீன் கொண்டாட்டம் நெருங்குகிறது. மனித உருவில் உலவும் ரத்தம் குடிக்கும் மிருகங்கள் உள்ளே புகுந்திருக்கின்றன. அவற்றைக் கொல்ல ஸாயா என்ற பெண்ணை மாணவியாக வேஷம் போட்டு அனுப்புகிறார்கள். ஸாயா டாம்ப்பீர் இல்லை. மிச்சமிருக்கும் கடைசி 'அசல்' என்று அவளைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அவள் நிலைமை டாம்ப்பீருடையதுதான். தன் இனத்தின் கிளைகளை, தன் இனமல்லாதவர்களின் கட்டளைப்படி வெட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டளையிடுவது அமெரிக்கர்கள். வசனம் பாதிக்கு மேல் ஆங்கிலம். கிரீடம் இல்லை, ஆதிபிரபு இல்லை, காதல் இல்லை. அவள் எரிச்சலோடு இருக்கிறாள், வேலையை முடிக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறாள்.

யோகோட்டா என்ற இடத்தைச் சும்மா தேர்ந்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1945லிருந்து 1952 வரை நீடித்த ஆக்கிரமிப்புக் காலத்தில், அந்நியச் சிப்பாய்களுக்கும் ஜப்பானியப் பெண்களுக்கும் பிறந்து, இரு பக்கமும் கைவிட்ட குழந்தைகள் அந்நாட்டில் மிகுந்தார்கள். 'கொன்கெட்ஸுஜி', கலப்பு ரத்தக் குழந்தை, என்று அவர்களுக்குப் பெயர். மிகி ஸவாதா என்ற பெண்மணி 1948ல் ஓயிஸோவில் எலிஸபெத் ஸாண்டர்ஸ் இல்லத்தைத் தொடங்கியது இவர்களுக்காக. ஆக்கிரமிப்பு முடிந்தும் தளங்கள் இருந்தன, சட்டமும் இருந்தது. மணவாழ்வில் பிறந்த குழந்தைக்கு ஜப்பானியப் பிரஜாவுரிமை தகப்பன் வழியாக மட்டுமே வந்தது. தாய் ஜப்பானியள், தகப்பன் அந்நியன் என்றால் பிள்ளை ஜப்பானியப் பிரஜை இல்லை. அமெரிக்கத் தளங்கள் நிறைந்த ஒகினாவாவில் எந்த நாட்டுக் கணக்கிலும் சேராத குழந்தைகள் இதனால் உண்டானார்கள். 1984ல் சட்டம் திருத்தப்பட்டு, 1985 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. முதல் டி படம் வெளியானது அதே வருஷம் டிசம்பரில்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காரண காரியம் கற்பிக்க நான் முயலவில்லை. ஹாமர் கம்பெனியின் 1958 டிராகுலா படத்தின் மீது மோகம் கொண்ட ரசிகர் கிகுச்சி. சட்டப் புத்தகத்தைப் பார்த்து அவர் நாவல் எழுதவில்லை. நான் சொல்வது இவ்வளவே: பாதி ரத்தம் என்ற கற்பனை ஒரு தேசத்தில் வேர்பிடிக்கும்போது, அங்கே பாதி ரத்தம் என்ற சொல் ஏற்கெனவே யாரையோ குறித்துக்கொண்டிருக்கிறது. கலைஞனுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சொல்லுக்குத் தெரியும்.

கிதாகுபோவுக்கு ஒருவேளை தெரிந்தே இருந்தது. தளத்துப் பள்ளியின் மருத்துவத் தாதி, நடந்ததையெல்லாம் பார்த்துவிட்ட ஒரே சாட்சி, மகிஹோ கரோலின் அஸானோ. பெயரிலேயே இரண்டு கரையும் இருக்கிறது. வீரமில்லை, கத்தியில்லை, நீளும் பல் இல்லை. பயந்து நடுங்கிக்கொண்டு ஸாயாவின் பின்னால் ஓடுகிறாள். பின்னர் விசாரணையில் அவள் கண்டதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டுகிறார்கள். 1892 என்று குறித்த அதில் ஸாயாவின் முகம் அப்படியே இருக்கிறது. உண்மையைப் பார்த்தவளுக்கு அதைச் சொல்ல இடமில்லை. கோரைப்பல் உள்ள பாதி மனிதர்களுக்கு நடுவே, கோரைப்பல் இல்லாத இந்தப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தியதுதான் இந்தப் படத்தின் நேர்மை என்று நினைக்கிறேன்.

விமான ஓடுபாதையில் கடைசி மிருகம் வெட்டுப்பட்டு விழுந்து கிடக்கிறது, இன்னும் சாகவில்லை. ஸாயா அருகே போய் நிற்கிறாள். தன் ரத்தத்தை அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். சாகிறவனுக்கு வாயில் பால் விடுவது நமக்குத் தெரிந்த சடங்கு. அந்தச் செய்கையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை எனக்கு. கொன்றவளும் அவள், உறவுக்காரியும் அவள். அதற்கு வேறு உறவு கிடையாது. கட்டளையிட்டவர்கள் இதைக் கேட்கவில்லை, இதற்குக் கூலியும் கிடையாது. டி சவ அடக்கத்துக்கு வந்து தூரத்தில் நின்றதும் இதுவும் ஒரே காரியம். ஆனால் அங்கே மனிதர்களுக்காக நின்றான். ஸாயா நிற்பது தன் கையால் வெட்டியதன் முன்னால். பூவும் பேத்தியும் இல்லை. அலங்காரமில்லாமல், இசையால் நம்மை அழவைக்காமல், அரை நிமிஷத்தில் முடித்துக்கொள்கிறார் கிதாகுபோ. படம் முடியும்போது வியட்நாம் யுத்தக் காட்சிகள் வருகின்றன. மனித ரத்தம் குடிப்பவை எவை என்று படம் நம்மிடம் கேட்பதில்லை. செய்திப் படத்தை ஓடவிட்டுப் போய்விடுகிறது.

7

நண்பர் கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். ஓஸூவின் பக்கத்தில் இவர்களை உட்காரவைக்க நான் சொல்லவில்லை. நான்கு படங்களில் மூன்று, தான் கண்டதைத் தானே மூடிவிடுகின்றன. ஒன்று கிரீடத்தால், ஒன்று பட்டத்தால், ஒன்று அழகால். நான்காவதிலும் வெட்டும் குத்தும் தேவைக்கு அதிகம். இத்தனையையும் கழித்தபின் என் கையில் மிஞ்சுவது லமிகா, குதிரை விற்கும் கிழவர், சவ அடக்கத்தில் தூரத்தில் நிற்கும் டி, ஓடுபாதையில் குனிந்து நிற்கும் ஸாயா. நாலு காட்சிகள், எல்லாமாகச் சேர்த்தால் பத்து நிமிஷம் தேறும்.

இந்தப் பத்து நிமிஷத்துக்காக ஐந்து மணி நேரக் கோரைப்பல்லைச் சகித்துக்கொள்ள வேண்டுமா என்று அவர் கேட்கலாம். சென்ற வருஷம் வெளியான கவிதைத் தொகுதிகளில் எத்தனை பக்கங்களுக்காக எத்தனை பக்கங்களைச் சகித்துக்கொண்டோம் என்று அவரும் நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.